இரண்டு டிகிரி

ஒஸ்த்ராவாவில் இப்போது பனி கறுப்பாய் விழுவதில்லை.
சுரங்கங்கள் மூடிய பிறகு
வெள்ளையாய் விழுந்து
மெதுவாகத்தான் அழுக்காகிறது.

நிலக்கரி கழுவிய பழைய கொட்டகையில்
எண்ணூறு கணுக்கள் ஓடுகின்றன.
லுமீருக்கு அவற்றின் வரிசை எண் நினைவில் நிற்பதில்லை,
கோளாறு நிற்கும்.
"இது நினைவகத்தை மறப்பது.
அது ஞாயிற்றுக்கிழமை மட்டும் விழுவது."
காதடைப்பானோடு அவன் நடப்பதைக் கண்ணாடி வழியே பார்த்தால்
மாட்டுக்கொட்டிலில் இரவு ரோந்து போகிறவன்போல் இருக்கும்.

என் வேலையின் பெயர் இணக்கம்.
இணங்கிப் போவதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்று
என் கணவரின் தம்பி இன்னும் நம்புகிறான்.
எவரும் படிக்காத பிற்சேர்க்கையைப் படிக்கிறேன்,
அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை வந்தது அந்தக் கோப்பு.
காப்பீட்டு நிறுவனத்துக்காக ஒரு மாதிரி:
ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளியின் மார்புப் படத்தைப் பார்த்து
அந்தக் கறுப்பில்
எவ்வளவு கரித்தூள், எவ்வளவு சிகரெட் என்று பிரித்துச் சொல்லும்.
துல்லியம் தொண்ணூற்று நான்கு விழுக்காடு.
பயிற்சிப் படங்கள் பதினோராயிரத்து இருநூற்று ஆறு.
ஒப்புதல்: உண்டு.

உண்டுதான். திறந்து பார்த்தேன்.
ஒரு தாளில் காப்பிக் கறை,
ஒவ்வொரு தாளிலும் ஒரே வரி:
சிகிச்சைக்காக மட்டும்.

இருபத்தைந்து வருடத்துக்கு மேல் கீழே இருந்தவர்களை மட்டும்
தனியாகப் பிரித்துக் காட்டு என்றேன்.
லுமீர் ஓட்டினான். துல்லியம் அறுபத்தொன்று.
இன்னும் தோண்டினோம், இரவு பதினொன்று வரை.
அது நுரையீரலைப் படித்திருக்கவே இல்லை.
படத்தின் மூலையில்
எந்த மருத்துவமனை என்று ஒட்டிய எழுத்தைப் படித்திருந்தது.
கே என்றால் கரி.
வி என்றால் சிகரெட்.

"ஒரு கையெழுத்துதானே, ப்ளாங்கா,"
என்றார் இயக்குநர் டாலிபோர்.
மேசையைச் சுற்றி ஏழு பேர்.
ஒருவரும் மூச்சு விடவில்லை.
நுரையீரல் பற்றிய கூட்டத்தில்
அது பொருத்தமாகத்தான் இருந்தது.

கையெழுத்து, தலையெழுத்து என்று
அங்கே நீளமாய்ப் பேசியிருக்கலாம்.
பேசவில்லை. எனக்குப் பசித்தது.
'இல்லை' என்ற கட்டத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டு
காரணம் என்ற இடத்தில்
மூலை எழுத்து என்று எழுதினேன்.

மாலை நாலு பத்துக்கு லுமீர் ஒரே வரி தட்டினான்.
அறுநூறு கணுக்கள் சும்மா நின்றன.
மின்விசிறிகள் தணிந்தன.
தகரக் கூரையில் மழை விட்ட மாதிரி
எல்லாரும் ஒருமுறை அண்ணாந்து பார்த்தோம்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும்.
எங்கள் கொட்டகையின் சூடு வீணாவதில்லை.
குழாய் வழியாக
நகராட்சி நீச்சல் குளத்துக்குப் போகிறது.
ஏழாம் பிற்சேர்க்கை.
அதையும் நான்தான் படித்தேன்.

சனிக்கிழமை வாசலில் அறிவிப்பு:
தண்ணீர் இருபத்தேழிலிருந்து இருபத்தைந்து.
தொழில்நுட்பக் காரணம். வருந்துகிறோம்.

நாலாவது தடத்தில் ஓட்டாகர் குஹெய்டா,
முப்பத்தோரு வருடம் கீழே இருந்தவர்,
இருமிக்கொண்டே திட்டினார்:
"எந்தப் புண்ணியவான் அடுப்பை அணைத்தான்?"
அவருக்கு என்னைத் தெரியும்,
தொப்பி போட்ட, மெதுவாய் நீந்துகிற பெண்ணாக.
பதிலை ஒன்பதாம் பிரிவு தடுத்தது, ரகசியம் காக்கும் கடமை.
அவர் படம் அந்தப் பதினோராயிரத்தில் இருந்ததா?
பெயர்கள் மறைக்கப்பட்டிருந்தன.
சரியாக மறைத்திருக்கிறார்களா என்று
சோதித்ததும் நான்தான்.

டாலிபோர் நேற்று வேறொரு நாட்டில்
வேறொரு கொட்டகைக்கு
மணிக்கணக்கு விலை கேட்டதாகக் கேள்வி.

"நீந்தினால் சூடாகிவிடும்," என்று
தனக்கே சொல்லிக்கொண்டு குஹெய்டா சுவரை உதைத்தார்.
பன்னிரண்டு வீச்சு.
நின்றார். கம்பியைப் பிடித்தார்.
தோள்கள் ஏறி இறங்கின.

அந்தக் கறுப்பில் எவ்வளவு எது என்று
எனக்குத் தெரியாது.
படியில் இறங்கினேன்.
முழங்கால், இடுப்பு.
தண்ணீர் குளிரத்தான் செய்தது.